கேட்டா பாடமாட்டனா

திருப்பூர்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெங்களூருவில் குளிர் என்கிறார்களே, கம்பளி இருக்கிறதா?

நான் ஜெயபாரதி. என் கையெழுத்தை நீ பார்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் பேரைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு நம் பனியன் கம்பெனி நூல் பெட்டி அடுக்கியிருக்கும் மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடிப்படியில் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். கோடு கோணலாகப் போயிருந்தால் அதுதான் காரணம்.

உன் விலாசத்தைச் சுபஸ்ரீதான் கொடுத்தாள். என்னோடு படிக்கிறவள். அவளுடைய அண்ணனும் உன் சிநேகிதர் சுரேந்தரும் குன்னத்தூரில் ஒன்றாகப் படித்தவர்களாம். அம்மாவின் பாட்டையும் அவள் அண்ணன் போனுக்கு மாற்றி அதிலிருந்துதான் அனுப்பினேன். அவர் லோடு வண்டிக்குப் போனால் வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார், அதனால் இனி கடிதம்தான். என் போனை நீ போன அன்றே அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா போனில் ஆர்டர் விஷயம் வருவதால் தினமும் அவரே எடுத்துப் பார்ப்பார்.

பாட்டைக் கேட்டாயா? இந்தத் தைப்பூசத்துக்கு மடத்துக்குளத்திலிருந்து பெரியம்மா வீட்டு ஆட்களோடு பழனிக்கு நடந்து போனோம். நீ போனதிலிருந்து அம்மா வாய் திறந்து பாடவே இல்லை. அன்றைக்கு மத்தியான வெயிலில் திடீரென்று ஆரம்பித்தார். அம்மாவின் போன் என் கையில் இருந்தது. முந்தானையில் மறைத்துப் பதிவு செய்தேன். அம்மாவுக்குத் தெரியாது. அனுப்பியதும் அம்மா போனிலிருந்து அழித்துவிட்டேன்.

நீ பாட்டுதான் வேண்டும் என்று கம்பெனியை விட்டுக் கிளம்பிய அன்று அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. "அவங்கூடப் பேசறது தெரிஞ்சா, இவ படிச்சுக் கிழிச்சது போதும், செக்கிங் டேபிளுக்கு வந்துரட்டும்" என்றாரே, அப்போது நீ வாசலைத் தாண்டிவிட்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பதிலைச் சுபஸ்ரீ வீட்டு விலாசத்துக்குப் போடு. தமிழ் அய்யா கடிதப் போட்டி வைத்திருக்கிறார் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பயத்தோடும் அன்போடும்,
ஜெயபாரதி


பெங்களூரு
9 மார்ச் 2025

பாப்பாவுக்கு,

அண்ணன் சுகம். கம்பளி இருக்கிறது, அதைச் சுரேந்தர் போர்த்திக்கொள்கிறான். சோறு நான்தான் வடிக்கிறேன், ஆகையால் இரண்டு பேரும் இளைத்திருக்கிறோம். உனக்குப் பரீட்சை நடக்கிறதே, கண் விழித்து எழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

பாட்டு வந்தது. உடனே எழுத முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இங்கே என்ன செய்கிறோம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். முதல் ஆல்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. புரோக்ரசிவ் ராக் என்பார்கள். இந்தப் பாட்டில் பல்லவி திரும்பி வர வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. தாளம் நடுவழியில் மாறும். ஒரே பாட்டு கால் மணி நேரம்கூட ஓடும். கிடாரும் கீபோர்டும் நான், டிரம்ஸ் சுரேந்தர், அவ்வளவுதான் ஆள். குழுவுக்கு நம் ஊர் கம்பெனி வேலைக் கணக்கில் 'ஒன்றரை ஷிப்ட்' என்று அவன் பேர் வைத்தான். இரண்டு பேரில் அரை யார் என்று இன்னும் தீரவில்லை. இரண்டு பேரால் முடியாத இடத்துக்கு விருந்தாளிகளை அழைத்திருக்கிறோம். இங்கே ஒரு அக்கா வயலின் வாசித்தார். குன்னத்தூரிலிருந்து ஒரு தவில்காரர் வந்து ஒரு நாள் இருந்து வாசித்துவிட்டுப் போனார்.

கடைசிப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. அதன் நடுவில் என்ன வைப்பது என்று தெரியாமல் மாதக்கணக்காக வெறுமையாக விட்டிருந்தோம். அம்மாவும் ஏழுதான் பாப்பா. நடையில் நாலு எட்டுக்கு வரி, மூன்று எட்டுக்கு மூச்சு. அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். சுரேந்தர் எழுந்து வெளியே போய்விட்டான்.

அம்மா என்ன பாடினார் என்று கவனித்தாயா?

தார்ரோடு கொதிக்குதய்யா வேலவா
தண்ணிப்பந்தல் தூரமய்யா வேலவா
போன புள்ள எந்த ரோட்டுல வேலவா
அவன் காலு சுடாமப் பாத்துக்க வேலவா

இதை ஆல்பத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் விருந்தாளி என்றால் கேட்டுத்தானே வைக்க வேண்டும். சுரேந்தர் இதில் பிடிவாதமாக இருக்கிறான். நான் போன் செய்தால் அது அப்பா கைக்குப் போகும். நீதான் அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும்.

நன்றாகப் பரீட்சை எழுது.

அண்ணன்,
அருள்குமார்


திருப்பூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, மற்றபடி சுகம். அம்மாவின் கால் பரவாயில்லை. சுரேந்தர் அண்ணனிடம் ஒரு கம்பளி சொந்தமாக வாங்கச் சொல்.

பரீட்சை எழுதிவிட்டேன். கணக்கு மட்டும் சந்தேகம்.

அந்த வரிகள் எனக்குக் கேட்கவே இல்லை. பதிவு செய்வதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றே நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று தடவை கேட்கப் போனேன். ஒரு தடவை அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, தைப்பூசத்துல ஒரு பாட்டுப் பாடுனியே" என்றேன். "பாடுனா பாடுனது. இப்ப என்ன அதுக்கு?" என்று திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டேன். மற்ற இரண்டு தடவையும் அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

நூல்காரர் வந்தால் "பையன் எங்கீங்க, கண்ணுலயே காணோம்" என்று விசாரிப்பார். அம்மா "பெங்களூருல வேலைங்க" என்பார். அப்பா எழுந்து துணி வெட்டும் கட்டிங் பக்கம் போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர உன்னைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. நான் எப்படி ஆரம்பிப்பது?

கேட்டால், எப்படி அவனுக்குப் போச்சு என்பார். கடிதம் என்பேன். அம்மாவால் அப்பாவிடம் எதையும் மறைக்க முடியாது. ஜூனில் நான் பிளஸ் டூ போக வேண்டும் அண்ணா. இந்த ஒரு வருஷத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

கோபிக்காதே.

உன் தங்கை,
ஜெயபாரதி


பெங்களூரு
27 ஏப்ரல் 2025

பாப்பாவுக்கு,

வெயிலில் வெளியே திரியாதே, மோர் குடி. இங்கே இரண்டு பேரும் சுகம்.

கோபம் இல்லை. உன் படிப்பைப் பணயம் வைத்து எனக்குப் பாட்டு வேண்டாம். ஜூன் கடைசிக்குள் எல்லாவற்றையும் கோத்து முடிக்க வேண்டும். அதற்குள் அம்மா சரி என்றால் வைப்போம், இல்லையென்றால் எடுத்துவிடுவோம். பழையபடி நடுவில் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஒன்று கேட்க நினைத்தேன். அப்பாவுக்குச் சளி என்று பிப்ரவரியில் எழுதியிருந்தாய். சரியாகிவிட்டதா?

அண்ணன்,
அருள்


திருப்பூர்
18 மே 2025

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி எப்போதோ போய்விட்டது.

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மா சரி என்றார். "அருள் நல்லா இருந்தாப் போதும், போட்டுக்கச் சொல்லு" என்றார். நீ வைத்துக்கொள்ளலாம்.

வேறு விசேஷம் இல்லை.

ஜெயபாரதி


பெங்களூரு
8 ஜூன் 2025

பாப்பாவுக்கு,

பிளஸ் டூ வகுப்பு தொடங்கியிருக்குமே, புத்தகம் எல்லாம் வந்துவிட்டதா? உன் போன கடிதத்தில் நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை. ஆகையால் நானே சொல்கிறேன், சாப்பிட்டேன்.

அம்மா என்னை ஒருநாளும் அருள் என்று கூப்பிட்டதில்லை பாப்பா. கோபம் வந்தாலும் சாமிதான், கொஞ்சினாலும் சாமிதான். ஸ்கூல் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நான் அழுத பிறகும் "சாமி, டிபன் டப்பா" என்று கத்தியவர்.

நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்காக அப்படி எழுதினாய் என்றும் தெரியும். அதை விடு.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கடைசிப் பாட்டு மட்டும் அதில் இருக்கிறது. கேட்க வாய் வராவிட்டால் பரவாயில்லை. என்றைக்காவது அம்மா தனியாக இருக்கும்போது போட்டுக் காட்டு. கேட்டுவிட்டு அவரே சொல்லட்டும். அதுவரை ஆல்பத்தை வெளியிடாமல் வைத்திருக்கிறோம். சுரேந்தர் சம்மதித்துவிட்டான், வயலின் அக்கா மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்.

பயப்படாமல் இரு.

அண்ணன்


திருப்பூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

சாப்பிட்டாயா? இன்றைக்கு என்ன குழம்பு? போன தடவை கேட்காததற்கும் சேர்த்துக் கேட்கிறேன். அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம்.

நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாததால் இரண்டு நாள் அழுகையாக வந்தது.

பென் டிரைவ் வந்தது. வீட்டில் அதைச் சொருக ஒன்றும் இல்லை. கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் கேட்க முடியும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் உடுமலைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது கீழே இறங்கிக் கேட்டேன். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே கை தட்டுவது என்றே தெரியவில்லை. தவில் வருகிற இடம் பிடித்திருந்தது. அப்புறம் எல்லாம் நின்று, கிடார் மட்டும் யாரோ தூரத்தில் நடக்கிற மாதிரி வந்தது. அதற்குள்ளிருந்து அம்மா வந்தார். நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன், அம்மாவே வந்துவிட்டார் என்று.

நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மாவிடம் போட்டுக் காட்டத்தான் போகிறேன். ஆபீசில் அம்மா தனியாக இருக்கிற நாள் வர வேண்டும். அதுவரை அதை ஒளித்து வைக்க நல்ல இடம் கண்டுபிடித்திருக்கிறேன். புத்தகப்பையில் வைத்தால் அம்மா துணி துவைக்கும்போது கொட்டிப் பார்ப்பார். ஆபீஸ் மேஜை டிராயரில், பாட்டுப் போடுகிற பென் டிரைவ் ஒரு குவியலே கிடக்கிறது, உனக்குத் தெரியுமே. அதோடு போட்டுவிட்டேன். அத்தனைக்கு நடுவில் ஒன்று யார் கண்ணிலும் படாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயபாரதி


பெங்களூரு
10 ஆகஸ்ட் 2025

பாப்பாவுக்கு,

நலமா? இங்கே நலம்.

டிராயர் என்று படித்த அன்றே பதில் எழுதினேன், உடனே அதை எடுத்துவிடு என்று. வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுபஸ்ரீயின் அண்ணனுக்குப் போன் போட்டால் அவர் நாக்பூரில் இருக்கிறாராம்.

ஷிப்ட் முழுக்க அங்கே பாட்டு ஓடுமே பாப்பா. சூப்பர்வைசர் மருதாசலம் அண்ணன் பேரைப் பார்த்தா போடுவார்? கைக்கு வந்ததைச் சொருகுவார்.

ஒரே ஒரு வரி எழுது. பள்ளிக்கூடம் போகிறாயா?

அண்ணன்


திருப்பூர்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

பள்ளிக்கூடம் போகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

நீ முதலில் எழுதியது வரவே இல்லை, இந்தக் கடிதம் வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. இவ்வளவு நாள் பேனாவைத் தொடவே பயமாக இருந்தது.

ஆடி பதினெட்டுக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு தீர்ந்து போய் ஸ்பீக்கர் சும்மா இருந்தது. பாட்டு இல்லாவிட்டால் டைலர்களுக்குக் கை ஓடாது என்று மருதாசலம் அண்ணன் டிராயரில் கையை விட்டு ஒன்றை எடுத்துச் சொருகினார். முதல் கிடார் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

டைலர்கள் முதலில் பழக்கத்தில் தைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் மிதி தடுமாற ஆரம்பித்தது. ஓவர்லாக் மிசின் பழனாயி அக்கா தலையைத் தூக்கி, "ஏனுங் மருதாசலண்ணா, பாட்டு நொண்டுதுங்" என்றார்.

"நல்லாக் கேளு புள்ள, புதுப்படமாட்ட இருக்குது."

"படத்துல ஈரோவுக்குக் காலொடிஞ்சு போச்சாட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. அம்மாவின் குரல். கம்பெனியில் இருக்கிற எட்டு ஸ்பீக்கரிலும் அம்மா.

முதல் வரியிலேயே பழனாயி அக்கா மிசினை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லா மிசினும் நின்றது. 'போன புள்ள எந்த ரோட்டுல' என்று வந்தபோது அப்பா கட்டிங் டேபிளிலிருந்து வந்து நடுவில் நின்றிருந்தார். கையில் அளவு டேப் அப்படியே இருந்தது. அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"யாரு போட்டது?"

"நாந்தானுங் மொதலாளி. டிராயர்ல கெடந்துதுங். சத்தியமா என்னன்னே தெரியாதுங்."

"டிராயர்ல வெச்சது யாரு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை, எல்லோரையும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை அண்ணா, அதுதான் உண்மை.

அம்மா எழுந்தார். "நாந்தானுங்க வெச்சேன்."

"நீயா?"

"என்ற கொரலு. நான் வெக்காம வேற யாரு வெப்பாங்க?"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. "மிசினு நிக்குது, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போய்விட்டார். மருதாசலம் அண்ணன் நிறுத்தப் போனார். அம்மா, "இருங்க, முடியட்டும்" என்றார். கடைசி வரை ஓடியது.

அன்று ராத்திரி அம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம், பதிவு, நான் எழுதிய பொய், எல்லாம். நீ எழுதியதை வாங்கிப் படித்தார். படித்து முடித்து அழுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"அது நான் வேலவனுக்கு வெச்ச வேண்டுதலு. நடக்க முடியாம, மூச்சிரைக்கப் பாடுனது. அதப் போயி ஊரு கேக்க வெக்கறதா? வேண்டாம்னு எழுது."

"சரிம்மா."

"என்னய ஒரு வார்த்த கேட்டா என்னவாம்? கேட்டா பாடமாட்டனா? நீ திருட்டுத்தனமா எடுப்ப, அவன் திருட்டுத்தனமாக் கோப்பானா?"

அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது நான் இட்டுக்கட்டியது இல்லை. "சாமிகிட்டச் சொல்லு. என்ற பாட்டு வேணும்னா மொறையா வரச் சொல்லு. வெத்தல பாக்கு வெச்சு, ஊட்டுல வந்து அழைக்கோணும். என்னய மட்டும் அழைச்சாப் பத்தாது, அவங்கப்பனையும் சேத்து அழைக்கோணும். யாரு ஊட்டு விசேசத்துக்கும் நான் தனியாப் போனதில்ல."

அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் பேசுவதில்லை. என் படிப்பைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. உன் பாட்டு போய்விட்டது, என்னை மன்னித்துவிடு.

ஜெயபாரதி


பெங்களூரு
14 செப்டம்பர் 2025

பாப்பாவுக்கு,

நீ பள்ளிக்கூடம் போவதைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

அம்மா சொன்னது சரி. பதிவை அழித்துவிட்டோம். சுரேந்தர் என் கண் முன்னால் அழித்தான்.

விருந்தாளியைக் கேட்காமல் வைக்கக்கூடாது என்று உனக்கு நான் பெரிதாக எழுதினேன். கேட்கிற வேலையை உன் தலையில் போட்டது ஏன் என்று இப்போது சொல்கிறேன். போன் அப்பா கைக்குப் போகும் என்பது சாக்கு. பஸ் ஏறினால் ராத்திரிக்குள் திருப்பூர். எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம். கத்தினால்கூடத் தாங்குவேன். கட்டிங் பக்கம் எழுந்து போய்விடுவாரே, அதைத் தாங்க முடியாது.

ஆயுத பூஜை முடிந்து அந்தச் சனிக்கிழமை நானும் சுரேந்தரும் வருகிறோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வாங்கி வருவோம். மைக்கும் எடுத்து வருகிறோம். வாசலோடு அனுப்பினால் திரும்பிவிடுவோம். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிடு.

அண்ணன்,
அருள்


திருப்பூர்
8 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சுரேந்தர் அண்ணன் ஓசூருக்கு முன்னாலேயே தீர்த்திருப்பார்.

நேரில் பார்த்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். கீழே நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ தட்டை நீட்டியபோது அப்பா கையில் வாங்கவில்லை என்று உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் தட்டைத் தொடவில்லை, அம்மாதான் வாங்கினார். ஆனால் அவர் கட்டிங் பக்கம் போகவில்லையே. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் சாப்பிடப் போன பிறகு மருதாசலம் அண்ணனைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல நம்முளுது மெயின ஆஃப் பண்ணிரு" என்றார். தீபாவளிச் சரக்கு, ஞாயிறும் முழு ஷிப்ட். மருதாசலம் அண்ணன், "எத்தன நேரத்துக்குங்?" என்று கேட்டார். "முடியற வரைக்கும்" என்றார்.

நம் கம்பெனி நின்றது உனக்குத் தெரியும். பக்கத்து நிட்டிங் கம்பெனி மிசின் எல்லாம் ஏன் நின்றது என்று நீ கேட்டாயா? கரண்ட் போயிருக்கும் என்று சுரேந்தர் அண்ணன் சொன்னார். கரண்ட் போகவில்லை. காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு அங்கே போனார். அந்த ஓனரோடு அவருக்குத் தண்ணி லாரி நிறுத்துகிற தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. உள்ளே போனார், வந்தார், அந்த மிசின்கள் நின்றன.

அம்மா முதல் தடவை பாடும்போது நடுவில் இருமல் வந்து நின்றதே, அப்போது நான் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தேன். அப்பா கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார். காலர் கட்டு ஏற்றிய டெம்போ ஒன்று சந்துக்குள் திரும்பியது. அப்பா கையைக் காட்டி நிறுத்தி, இஞ்சினை அணைக்கச் சொன்னார். டிரைவர், "இறக்கீட்டுப் போயர்றனுங், லேட்டாவுதுங்" என்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் டெம்போவைத் தள்ளினார். டிரைவர் கீழே குதித்து, "நீங்க எதுக்குங், விடுங், விடுங்" என்று அவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். சத்தமே இல்லாமல் அந்த வண்டி நம் கேட்டைக் கடந்து போனது.

அப்போது அம்மா இரண்டாவது தடவை ஆரம்பித்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தும் லேசாகக் கேட்டது. மலையிறங்கி வரும்போது பாடுகிற பாட்டு, நம் சின்ன வயதில் பாடுவாரே, அது.

நிட்டிங் கம்பெனி ஓனர் வெளியே வந்தார். "ஏனுங்க, இன்னும் எத்தன நேரமுங்க? தீவாளிச் சரக்குங்க, ஆளெல்லாம் சும்மா உக்காந்திருக்குது. உள்ள என்னதான் நடக்குதுங்க?"

நான் தண்ணீர்ச் சொம்போடு கேட்டுக்குப் பின்னால் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "பிளஸ் டூ முடியற வரைக்கும் நீ டிராயர்ப் பக்கம் வரப்படாது" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார். அம்மா வைக்கவில்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அந்த ஓனர் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்துக் காட்டி, குரலைத் தணித்துச் சொன்னார்.

"செத்த பொறுத்துக்குங்க. பையன் வந்திருக்கறான்."

அம்மா உன் சாப்பாட்டை விசாரிக்கச் சொன்னார். பதிலை நம் வீட்டு விலாசத்துக்கே போடலாம் என்றும் சொன்னார்.

உன் தங்கை,
ஜெயபாரதி